தலைகீழாக மாட்டிய மெழுகுப் படம்

காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். என் மாமியார் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த மெழுகுப் படத்தை ஒரு பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செய்த படம்தான்.

தைப்பூசத்துக் காலை அது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் எங்கள் வீடு. ஜன்னல் வெயில் படத்தின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. துணி போய்வந்த இடத்திலெல்லாம் மெழுகின் மேல் படிந்திருந்த வெள்ளை விலகியது. அடியில் நான் பதித்து வைத்திருந்த பழுப்புக் காகிதம் தெரிந்தது. அதில் எழுத்தும் தெரிந்தது.

முதலில் என் அப்பாவின் பெயரைப் படித்தேன். அடுத்தது அம்மாவின் பெயர். இந்த இருவருக்கும் தை மாதத்தில், ஆயில்ய நட்சத்திரத்தில், ஒரு பெண் பிறந்திருப்பதாக எழுதியிருந்தது. அவர்கள் பெற்றது ஒரே ஒரு பெண். அவள்தான் கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் நட்சத்திரம் பூசம். கோயில் அர்ச்சனையில் பூசம், கல்யாணப் பொருத்தத்தில் பூசம். தைப்பூசத்தன்று பிறந்தவள் என்று முசிறியில் எங்கள் தெருவே சொல்லும். அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றதே அந்தப் பிறந்தநாளுக்காகத்தான்.

"காப்பி ஆறிப்போவுது பாரு. அங்க வையி" என்றார் அத்தை, என் முகத்தைப் பார்த்தபடி.

வைத்தேன். பாதிக் காப்பி தரையில் சிந்தியது.

ஒரே ஒரு நிபந்தனை

ஆயில்யத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்பார்கள். இதைப் படிக்கும் இளவயதுக்காரர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆயில்யப் பெண்ணுக்கு மாமியார் இல்லாத வீடாகத் தேடித் தேடி, பெண்ணைப் பெற்றவர்கள் செருப்புத் தேய நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க முசிறிக்கு வந்தபோது அத்தை நகையைப் பற்றிக் கேட்கவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. சின்ன வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர். கொள்ளிடக்கரைத் தென்னந்தோப்பைத் தனி ஆளாக நின்று பார்த்து, ஒரே மகனைப் படிக்க வைத்தவர். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஆயில்யம் மட்டும் வேணாங்க. நான் எம் புள்ளையோட புள்ளையைப் பார்த்துட்டுத்தான் போவணும்."

என் அப்பா ஜாதகத்தை எடுத்து நீட்டினார். பூசம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார்.

அதை நம்பித்தான் அந்த வீட்டுக்குள் என்னை விட்டார்கள். நான் உள்ளே வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பேரப்பிள்ளை இன்னும் வரவில்லை. அத்தைக்கு இளைப்பு வந்திருந்தது. பனிக்காலத்தில் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் அவருடைய இருமல்.

யாருக்குப் புண்?

இந்த மெழுகு வேலையில் நான் எப்படிப் போய் விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் கணவருக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கே யாரோ கழித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எனக்காக எடுத்துவந்தார். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படம் போடுவேன் என்று அவரிடம் பெருமை அடித்து வைத்திருந்தேன். பத்திரிகையைப் புரட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எகிப்து தேசத்தில் சவப்பெட்டியின் மேல் வரைந்து வைத்த முகங்கள். நம்மைப் போல மாநிறம், பெரிய கண். ஒரு பெண் அப்படியே என் சின்னம்மா மாதிரி இருந்தாள். எல்லாம் தேன்மெழுகில் வண்ணம் கலந்து, உருக்கிப் பூசியது என்று போட்டிருந்தது. எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் நிறம் மங்கவில்லையாம்.

இவர் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னார். மெழுகு தனியாக நிற்காது, இறுக்கம் வருவதற்கு ஏதோ ஒரு மரத்துப் பிசினைச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. அது என்ன மரம் என்று அகராதிக்கும் தெரியவில்லை.

பெரிய கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே போய்த் தேன்மெழுகு கேட்டேன். கூடவே, நெருப்பில் போட்டால் உருகி, ஆறினால் இறுகிப் போகிற பிசின் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டேன். கடைக்காரப் பாய் ஒரு டப்பாவைத் திறந்து குங்கிலியத்தைக் காட்டினார். அட, நம் வீட்டில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடுகிற குங்கிலியம்.

"மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் கேக்குறீங்க. களிம்புக்குத்தானேம்மா? யாருக்குப் புண்ணு?" என்றார்.

யாருக்கும் புண் இல்லை, படம் போட என்றேன். பாய் பேயறைந்தவர் போல என்னைப் பார்த்தார். இந்தக் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றார். ஆனாலும் நல்ல மனிதர். குங்கிலியத்தைப் பொடித்துப் போடுங்கள், புகைய விடாதீர்கள், துணியில் வடிகட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்றில் இரண்டைக் கேட்டேன். புகைய விடாதே என்றதை மறந்துவிட்டேன்.

பற்றி எரிந்த சட்டி

மெழுகுச் சட்டியை நேராகக் குமுட்டி அடுப்பின் கங்கு மேல் வைத்தேன். கலக்கக் குச்சி தேடிப் போய் வருவதற்குள் குபீரென்று சட்டிக்குள் தீ. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிவிட்டேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மற்றொரு கையால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் சட்டியின் மேல் கவிழ்த்தார். தீ அடங்கிவிட்டது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீரையா ஊற்றுவாய், முசிறியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் தன் பழைய இட்லிப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதன் மேல் மெழுகுக் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். பிறகு தீப்பிடிக்கவே இல்லை.

நான் செய்த தப்புகளை எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. அட்டையில் பூசினேன், அப்பளம் போல வளைந்தது. தகரத்தில் பூசினேன், உரிந்து விழுந்தது. கடைசியில் தேயிலைப் பெட்டிப் பலகைதான் மெழுகைப் பிடித்துக்கொண்டது. காவிப்பொடி, விளக்குக் கரி, துணிக்குப் போடும் நீலம், இவைதான் வண்ணங்கள். பூசிய மெழுகு பலகையோடு ஒட்டுவதற்கு மறுபடியும் சூடு காட்ட வேண்டும். அதற்குக் கரிபோட்ட இஸ்திரிப் பெட்டியை மேலாகக் காட்டுவேன். இவருடைய சட்டைக் காலரில் நீல மெழுகு ஏறி, அதோடேயே ஒரு வாரம் அலுவலகம் போனார் பாவம்.

அந்த ஆங்கிலப் பத்திரிகையில் இன்னொரு பக்கமும் இருந்தது. வெளிநாட்டில் யாரோ மெழுகுக்கு அடியில் துணி, நூல், செய்தித்தாள் என்று கண்டதையும் பதித்துப் படம் செய்திருந்தார்கள். எனக்கும் ஆசை விடவில்லை. புடவைச் சரிகையைப் பதித்தேன், அழகாக வந்தது. வெற்றிலையைப் பதித்தேன், நாலே நாளில் உள்ளுக்குள்ளேயே கறுத்து அழுகியது. ஈரம் இல்லாத பொருள்தான் ஆகும் என்று புரிந்தது. அதனால் பழைய காகிதம் தேடினேன்.

அம்மாவின் பெட்டி

என் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய மரப்பெட்டி முசிறியிலிருந்து பஸ்ஸின் மேலே ஏறி எனக்கு வந்து சேர்ந்திருந்தது. புடவைகளுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டு. கிழிந்த பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகைகள், கடிதங்கள். அவற்றோடு, மூலையில் மஞ்சள் தடவிய ஒரு பழுப்புக் காகிதம்.

அது ஜாதகம் என்பது பார்த்ததும் தெரிந்தது. ராசிக் கட்டம் இருந்ததே. யாருடையது என்று படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் ஜாதகம் சாமி அலமாரியில் பத்திரமாக இருந்தது. சின்ன வயதில் இறந்துபோன தம்பி ஒருவர் அம்மாவுக்கு இருந்தார், அவருடையதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அந்தக் கட்டம்தான் கண்ணில் பட்டது. கோபுரத்து மாடம் போல இருந்தது. மஞ்சள் மூலை வானத்துக்குப் பொருந்தும் என்று காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பதித்தேன். மேலே மெழுகை ஊற்றினேன். ஊற்றியதும் மெழுகு இறுக ஆரம்பித்துவிடும். நின்று படிக்கிற வேலை இல்லை அது.

பல வருஷம் கழித்து அப்பாவிடம் இதைக் கேட்டேன். வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். நான் பிறந்தது தைப்பூசத்துக்கு மறுநாளாம். பிறந்து நாற்பது நாளுக்குள் ஜோசியரிடம் சொல்லி ஒரே ஒரு நாள் முன்னால் தள்ளிப் புதிதாக எழுதி வாங்கிவிட்டார்கள். பழையதைக் கிழித்துப் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாராம். கிழித்துவிட்டேன் என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள். அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபமும் அழுகையும் சேர்ந்தே வரும்.

மேல் எது, கீழ் எது

படத்தைக் கூடத்தில் மாட்டினேன். பார்த்தவர்கள் என்ன படம் என்று கேட்டார்கள். கோபுரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

மார்கழிக் குளிரில் மெழுகு வெளுத்தது. மேலே மாவு தூவியது போல ஒரு வெள்ளை. மெல்லிய துணியால் துடைத்தால் பழையபடி பளபளக்கும் என்று பத்திரிகையில் இருந்ததை அத்தையிடம் சொன்னேன். சொன்னதோடு சரி, துடைக்க எனக்குச் சோம்பல்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது படங்களையெல்லாம் கழற்றினோம். திரும்ப மாட்டும்போது அத்தை அந்தப் படத்தைத் தன் கட்டிலை ஒட்டி மாட்டிக்கொண்டார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பெருமையாக இருந்தது. ஆனால் தலைகீழாக மாட்டியிருந்தார். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், போய்ச் சொல்லேன் என்றார். நான் சொல்லவில்லை. ஆசையாக மாட்டியவரிடம் போய்த் தப்பு என்று எப்படிச் சொல்வது? அதுவும் தவிர, எது மேல் எது கீழ் என்று எனக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

நான் தலைகீழாகப் பதித்த ஜாதகம் அப்படித்தான் நேராக நின்றது.

அந்த வருஷம் தைப்பூசம் மாதக் கடைசியில் வந்தது. மூன்று வாரமாக அத்தை குளித்ததும் விளக்கேற்றுவார், பிறகு படத்தைத் துடைப்பார். ராத்திரிக் குளிரில் மறுபடியும் வெள்ளை படிந்துவிடும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் அவர். தினசரியின் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால் அவர் படித்திருப்பார் என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றவே இல்லை.

இஸ்திரிப் பெட்டியோடு

தைப்பூசத்தன்று சமயபுரத்து அம்மன் கொள்ளிடக்கரைக்கு வருவாள். அண்ணன் ரங்கநாதரிடமிருந்து தங்கைக்குச் சீர் போகும். ஒவ்வொரு வருஷமும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். உன் நட்சத்திரத்தன்றைக்கே சாமிக்கும் பிறந்த வீட்டுச் சீர் வருது பாரு என்பார். அன்று நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அத்தை எதிர்வீட்டு அம்மாளோடு கிளம்பினார். இவர் காலையிலேயே அலுவலகம் போய்விட்டார்.

நான் பத்தாவது வரை படித்தவள். நட்சத்திரம் ஆளைக் கொல்லாது என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷத்து இருமல் ஒவ்வொன்றும் திரும்பக் கேட்டது. நான் வந்த மறு வருஷம்தான் இளைப்பு ஆரம்பித்தது என்று கணக்குப் போட்டேன். நான் பொங்கிப் போட்ட சோறு, நான் கொடுத்த கஷாயம், எல்லாவற்றின் மேலும் எனக்கே சந்தேகம் வந்தது. இது இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அத்தைக்குத் தெரிந்தால்? முசிறி பஸ்தான்.

எழுந்து படத்தைக் கழற்றினேன். முற்றத்தில் கங்கு மூட்டி இஸ்திரிப் பெட்டியில் போட்டேன். மெழுகை உருக்கிக் காகிதத்தை உரித்தெடுத்து எரித்துவிட வேண்டும். அதற்குமேல் யோசிக்கவில்லை.

சூடு பட்டதும் மெழுகு கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. உருகும் மெழுகு அப்படித்தான் தெளியும் என்று தெரிந்தவள்தான் நான், அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். துடைத்தபோது மங்கலாகத் தெரிந்த எழுத்தெல்லாம் இப்போது நேற்று எழுதியது போல எழுந்து நின்றது. நாழிகை, லக்கினம், கடக ராசி, ஆயில்யம், நாலாம் பாதம். மறைக்க வந்தவள் கையாலேயே ஒவ்வொரு எழுத்தாகத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"தலைவலின்னே. வெயில்ல உக்காந்து என்ன பண்றே?"

அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இளைப்பு வந்து, எதிர்வீட்டு அம்மாளோடு பாதி வழியில் திரும்பிவிட்டாராம். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் புடவைத் தலைப்பால் படத்தை மூடினேன். புதுப் புடவை. தலைப்பு முழுக்க நீலமும் காவியும் ஒட்டிக்கொண்டன.

"மூடாத. நான் படிச்சு ரெண்டு வாரமாச்சு" என்றார்.

அத்தை மெதுவாக வந்து இட்லிப் பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மூச்சு அடங்கும் வரை நெஞ்சை நீவிக்கொண்டார். பிறகு சொன்னதைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். காலையில் ஜாதகத்தைப் படித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சேதான் நீ அதை மெழுகுல வச்சு மூடி, என் கண் முன்னாடி மாட்டியிருக்கேன்னு நெனச்சேன். எனக்கு நீ செய்வினை வச்சுட்டியோன்னு. பத்து நாள் கண்ணை மூடலை."

"அத்தை..."

"இரு. அப்புறம்தான் தோணுச்சு, தெரிஞ்சவ முகம் ஒரு மாதிரி இருக்கும், தெரியாதவ முகம் வேற மாதிரி இருக்கும்னு. அதுக்குத்தான் தினம் துடைச்சேன். நீ வரப்போ பார்த்துத் துடைச்சேன். நீ எங்க திரும்பிப் பார்த்தே? இன்னைக்குத்தான் பார்த்தே."

காலையில் அவர் என் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

அந்தப் பத்து நாளும் மூன்று வேளையும் நான்தான் அவருக்குச் சோறு போட்டேன். ஒரு வேளை வேண்டாம் என்று சொல்லவில்லை. கஷாயத்தை வாங்கி என் எதிரிலேயே குடித்தார். தன்னைக் கொல்லப் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டே குடித்திருக்கிறார்.

"ஏன் அத்தை சாப்பிட்டீங்க?" என்றேன்.

"நீ அப்படிச் செய்யுறவன்னா, நான் ஆளைத் தெரிஞ்சுக்காமத்தானே அஞ்சு வருசம் இருந்திருக்கேன்? அப்படி உசுரோட இருந்து என்ன?" என்றார்.

நான் அழுத அழுகையில் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். தலைவலி தாங்கவில்லையாம் என்று அத்தை அவளிடம் சொல்லி அனுப்பினார்.

பிறகு என்னை எழுந்திருக்கச் சொன்னார். மகனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் தான் இருமும்போதெல்லாம் அவன் என்னைத்தான் பார்ப்பான் என்றார். நட்சத்திரம் இருக்கிற இடத்தில் மட்டும் நாலு சொட்டு நீல மெழுகை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். படத்தை எடுத்துப் போய்த் தன் கட்டிலை ஒட்டி, அதே தலைகீழாக, தன் கையாலேயே மாட்டினார்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பி மணையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தார். சமையலறையில் பாயசம் கொதிக்கும் வாசனை வந்தது. நேற்றுத்தானே பிறந்தநாள், இன்றைக்கு எதற்குப் பாயசம் என்று இவர் கேட்டார்.

"நேத்து பால் திரிஞ்சு போச்சுடா" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வருஷா வருஷம் தைப்பூசத்தன்று பால் திரிந்தது. பேத்திகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும் காலம் வரை அத்தை இருந்தார். அவர் இறந்த வருஷம் பால் திரியவில்லை. இவர் சொம்பைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை பால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.